குறுக்குக்காற்றில் தரையிறங்குதல்: வாகைக்குளம் ஓடுதளத்தை வைத்து

ஓடுதளத்தின் நீளவாக்கில் வராமல் பக்கவாட்டில் வந்து மோதும் காற்று குறுக்குக்காற்று. சிமுலேட்டரில் பறக்கப் பழகுபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். காற்றில்லாத வானத்தில் பத்துத் தடவை அழகாக இறக்கியவர்கூட, பக்கத்திலிருந்து 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) காற்று வந்ததும் ஓடுதளத்தை விட்டு விலகிப் புல்லில் போய் நிற்பார். காற்றோடு விமானம் மல்லுக்கட்டுவதாக அப்போது தோன்றும். அந்த எண்ணம்தான் முதல் தவறு. விமானம் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றுக்குள் நேராகவே போகிறது. அந்தக் காற்று மொத்தமும் தரைக்கு மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

களத்தில் தானியம் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிக விளக்கம் தேவையில்லை. சொளகிலிருந்து சரியும் மணி நேர் கீழேதான் விழப் பார்க்கிறது. மேல்காற்று அதைச் சற்றே தள்ளிப் போடுகிறது. கனத்த மணி சீக்கிரம் தரைக்கு வந்துவிடுவதால் கிட்ட விழும். பதர் நெடுநேரம் காற்றில் கிடப்பதால் எட்டிப்போய் விழும். விமானத்துக்கும் கணக்கு இதுவே. ஓடுதளத்தை நோக்கி வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு தூரம் அது பக்கவாட்டில் நகரும். 13 நாட் குறுக்குக்காற்றில், எந்தத் திருத்தமும் செய்யாமல் ஒரு நிமிடம் பறந்தால், விமானம் ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், எப்போதும்வென்றான் பக்கத்துக் கரிசல் நிலம் இந்தப் பயிற்சிக்கென்றே அமைந்தது போன்ற காற்றுநிலம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிதுங்கி வந்து, மரங்கள் அதிகம் இல்லாத இந்தச் சமவெளியில் தடையின்றி ஓடுகிறது. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருப்பது இதனால்தான். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்ததும் இந்தக் காற்றை நம்பித்தான். ஆனி, ஆடி மாதங்களில் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எப்போதும்வென்றானைத் தாண்டி இருசக்கர வண்டியில் போகிறவர், தன்னை அறியாமலே மேற்குப் பக்கம் சாய்ந்து ஓட்டுவார். வண்டி சாய்ந்திருக்கும், பாதை நேராக இருக்கும். இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போவது ஏறக்குறைய அந்தச் சாய்வைப் பற்றித்தான்.

எப்போதும்வென்றானுக்குத் தெற்கே, தூத்துக்குடி–திருநெல்வேலி சாலையில் இருக்கிறது வாகைக்குளம் விமான நிலையம். உலக வானூர்திக் குறியீட்டில் அது வி.ஓ.டி.கே.; சிமுலேட்டரின் தேடல் பெட்டியில் இந்த நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டினால் கிடைத்துவிடும். ஒரே ஓடுதளம், 10/28 என்று பெயர். கிழக்கு நோக்கி இறங்கினால் 10, அதாவது காந்தத் திசை 100 டிகிரி. மேற்கு நோக்கி இறங்கினால் 28, அதாவது 280 டிகிரி. நெடுங்காலம் 1,351 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டிருந்த இந்த ஓடுதளத்துக்கு, விரிவாக்கத் திட்டம் 3,115 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் தந்தது. புதிய முனையம் 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்டது. சிமுலேட்டரின் பழைய தரவில் குறுகிய ஓடுதளமே இருக்கலாம். பறக்குமுன் வரைபடத்தில் நீளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. சிறிய செஸ்னாவுக்கு 1,351 மீட்டரே தாராளம். ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப்புக்கு அந்த நீளத்தில் கவனம் வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும்; 28-இல் இறங்குபவருக்கு அது பெரும்பாலும் எதிர்காற்று. பலமாக வீசினாலும் முகத்துக்கு நேரே வருவதால் அதிகத் தொல்லை இல்லை. பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து நுழையும். காலையில் 28-இல் இறங்கியவர் மாலையில் 10-க்கு மாற வேண்டியிருக்கும். உண்மையான சோதனை ஐப்பசிக்குப் பிறகு வருகிறது. வாடை வடகிழக்கிலிருந்து வீசும்போது, 10-இல் இறங்கும் விமானத்தை அது இடப்பக்க முன்மூலையிலிருந்து அறையும். வேகத்தில் ஆடிக்காற்று முந்தினாலும், இந்த ஓடுதளத்தில் கடினமான காற்று வாடைதான்.

எவ்வளவு கடினம் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். வானிலை அறிக்கையில் காற்றின் திசையும் வேகமும் இருக்கும். திசை என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பது. எங்கே போகிறது என்பதல்ல. இதை மாற்றிப் புரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் சாய்ப்பவர்கள் அதிகம். அறிக்கை உண்மை வடக்கை வைத்தும், ஓடுதள எண் காந்த வடக்கை வைத்தும் சொல்லப்படுகின்றன. தென் தமிழ்நாட்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு டிகிரிதான், மனக்கணக்கில் விட்டுவிடலாம். காற்றின் திசைக்கும் ஓடுதளத்துக்கும் இடையே உள்ள கோணத்தைக் கடிகாரத்தின் நிமிடமாக நினைத்துக்கொள்வது எளிய வழி. 15 டிகிரி என்றால் கால் மணி, ஆகவே காற்றின் வேகத்தில் கால் பங்கு குறுக்குக்காற்று. 30 என்றால் பாதி, 45 என்றால் முக்கால், 60-உம் அதற்கு மேலும் என்றால் முழுசும். துல்லியக் கணக்கில் சிறு வித்தியாசம் வரும். ஆனால் 30 டிகிரிக்கு மேல் இந்த முறை கூடுதலாகச் சொல்லும் பக்கமே தவறுகிறது, அதற்குக் கீழே வரும் குறை மிகச் சிறிது என்பதால் ஆபத்தில்லை.

ஒரு வாடை நாள்: காற்று 40 டிகிரியிலிருந்து 15 நாட். 100 டிகிரி ஓடுதளத்துக்குக் கோண வேறுபாடு 60. கடிகாரக் கணக்குப்படி முழு 15 நாட். துல்லியமாக 13 நாட். செஸ்னா 172-இன் கையேடு, சோதனைப் பறப்பில் செய்துகாட்டப்பட்ட அதிகபட்சக் குறுக்குக்காற்றாக 15 நாட் என்று குறிப்பிடுகிறது. அது சட்டத் தடை அல்ல. ஆனால் கை பழகாதவர் தாண்டக் கூடாத கோடு. ஏடிஆர் 72-க்கு உலர்ந்த ஓடுதளத்தில் அந்த எண் 35. ஆக, ஒரே நாளில் ஒரே ஓடுதளம் பெரிய விமானத்துக்குச் சாதாரணமாகவும் சிறிய விமானத்துக்கு விளிம்பாகவும் இருக்கும்.

கணக்கு முடிந்ததும் சிமுலேட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே இருக்கும் தானியங்கி ரட்டர் (மூக்கைத் திருப்பும் வால் சுக்கான்) உதவியை அணைத்தே தீர வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் இது உதவிகள் பகுதியில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியரில் தானியங்கி ஒருங்கிணைப்பு என்ற பெயரில் வரும். இந்த உதவி, கை சாய்க்கும் பக்கமே ரட்டரையும் திருப்பிவிடும். குறுக்குக்காற்றிலோ கையும் காலும் எதிரெதிராக வேலை செய்தாக வேண்டும். உதவியை விட்டுவைத்தபடி எத்தனை மாதம் பழகினாலும் இந்த வித்தை வராது. பலர் தமக்குத் திறமை இல்லை என்று நினைத்துச் சோர்ந்துபோவது இந்த ஒரு பொத்தானால்தான்.

ரட்டர் பெடல் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் முறுக்கும் வசதியுள்ள ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் சாய்த்தபடி வலப்பக்கம் முறுக்குவது மணிக்கட்டுக்கு முதலில் சங்கடமாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். விசைப்பலகை மட்டும் இருப்பவர் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் எண் பகுதியின் 0 விசையை இடது ரட்டருக்கும், அதே பகுதியின் எண்டர் விசையை வலது ரட்டருக்கும் பயன்படுத்தலாம். ஆனால் தட்டித் தட்டித் திருத்துவதில் 8 நாட் காற்றுக்கு மேல் சமாளிப்பது கடினம். ஜாய்ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவே பதிவாகாத செத்த இடத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட வேண்டும்.

இறுதி அணுகலை ஓடுதளத்திலிருந்து 4 அல்லது 5 கடல்மைல் தொலைவில் தொடங்கலாம். இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது நண்டு நடை. விமானிகள் கிராப் என்பார்கள். ஆற்றின் எதிர்க்கரையில் நேரெதிரே இருக்கும் துறைக்குத் தோணி விடுபவர் முனையை நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பி வைத்துக்கொள்வார். தோணி கோணலாக நிற்கும், போகும் பாதை நேராக இருக்கும். விமானத்தையும் அப்படியே காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி, இறக்கைகளைச் சமமாக்கி, விட்டுவிட வேண்டும். எவ்வளவு திருப்புவது என்பதற்கும் மனக்கணக்கு உண்டு: குறுக்குக்காற்றை 60-ஆல் பெருக்கி விமானத்தின் வேகத்தால் வகுத்தால் கோணம் கிடைக்கும். 65 நாட்டில் வரும் செஸ்னாவுக்கு, 13 நாட் குறுக்குக்காற்றில் 12 டிகிரி. 115 நாட்டில் வரும் விமானத்துக்கு ஏழே டிகிரி. மெதுவாக வருவது பதர். வேகமாக வருவது மணி.

நண்டு நடையில் திரையில் தெரியும் காட்சி புதியவரைக் குழப்பும். வாடை இடப்பக்கம் இருப்பதால் மூக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கும். ஓடுதளம் கண்ணாடியின் வலப்பக்கம் தெரியும். உடனே மூக்கை ஓடுதளத்துக்கு நேரே கொண்டுவரக் கை துடிக்கும். அதைச் செய்யக் கூடாது. ஓடுதளம் கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிந்தாலும் சரி, அந்த இடத்திலேயே அசையாமல் நின்றால் பாதை சரி. மெல்ல வலப்பக்கம் ஊர்ந்தால் திருத்தம் கூடிவிட்டது என்று பொருள். இடப்பக்கம் ஊர்ந்தால் திருத்தம் போதவில்லை. இரண்டு டிகிரி, மூன்று டிகிரியாகத் திருத்த வேண்டும். தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறையும் என்பதால், 1,000 அடியில் பொருந்திய கோணம் 200 அடியில் சற்று அதிகமாகத் தெரியும்.

நண்டு நடையிலேயே சக்கரம் தரையைத் தொடக் கூடாது. கோணலாக வரும் சக்கரம் தரையில் பக்கவாட்டில் உரசி, சிறிய விமானத்தைக் குடைசாய்க்கும் அளவுக்கு இழுக்கும். அமெரிக்க விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானத்துக்குச் சக்கரத் தொகுதியையே 20 டிகிரி வரை திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதனால் அது கோணலாகவே இறங்க முடியும். செஸ்னாவுக்கோ ஏடிஆருக்கோ அந்த வசதி இல்லை. தொடுமுன் மூக்கை ஓடுதளத்துக்கு நேராக்கியே ஆக வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

சிறிய விமானத்தில் பழகுபவருக்கு ஏற்றது இறக்கை தாழ்த்தும் முறை. ஏறத்தாழ 200 அடி உயரத்தில் வலது ரட்டரை மெதுவாக அழுத்தி மூக்கை நடுக்கோட்டுக்கு இணையாக்க வேண்டும். மூக்கு நேரானதும் வாடை விமானத்தை வலப்பக்கம் தள்ளத் தொடங்கும். உடனே ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து, இடது இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்த வேண்டும். தள்ளுவது நிற்கும் அளவுக்கு மட்டும் சாய்வு போதும். சாய்த்தால் விமானம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதை ரட்டர் தடுத்து நிறுத்தும். கை ஒரு பக்கம், கால் மறு பக்கம். நான்குவழிச் சாலையில் மேற்கே சாய்ந்தபடி நேராகப் போகும் இருசக்கர வண்டியின் நிலை இதுதான்.

இந்த இடத்தில் ஒரே ஒரு விதியை மனத்தில் நிறுத்தினால் போதும்: மூக்கு காலின் பொறுப்பு, நடுக்கோடு கையின் பொறுப்பு. மூக்கு கோணலானால் ரட்டர். விமானம் நடுக்கோட்டை விட்டு நகர்ந்தால் சாய்வு. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பொறுப்புகளை மாற்றிக் கொடுப்பதால் வருபவை. நடுக்கோட்டை விட்டு விலகியதும் ரட்டரை மிதித்து மூக்கால் துரத்துவார்கள்; விமானம் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போகும்; மறுபடி மிதிப்பார்கள். பாம்பு ஊர்ந்தது போன்ற தடம் மறுகாட்சியில் தெரியும். ரட்டரை முழுசாக அழுத்தியும் மூக்கு நேராகவில்லை என்றால் அந்தக் காற்று அந்த விமானத்தின் திறனுக்கு அதிகம். அதற்கு மேல் முயலக் கூடாது.

பயணிகள் விமானங்களில் வழக்கமானது இன்னொரு முறை. நண்டு நடையிலேயே ஓடுதளத்தின் மேல் வந்து, மூக்கைத் தூக்கி வேகத்தைத் தணிக்கும் ஃப்ளேர் கட்டத்தில் ரட்டரால் நேராக்கி இறக்குவார்கள். நேராக்கியதும் விமானம் உடனே பக்கவாட்டில் ஓடிவிடாது. கனமான விமானத்துக்குத் தன் பாதையை உடனே மாற்றிக்கொள்ளாத நிலைமம் உண்டு. அந்த ஓரிரு நொடிகளுக்குள் சக்கரம் தொட்டுவிட வேண்டும். 10 அடியில் நேராக்கிவிட்டு நெடுநேரம் மிதந்தால் காற்று தன் வேலையைக் காட்டிவிடும். நேரம் பார்த்து மிதிப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது என்பதால், இதைப் பிறகு கற்பதே சரி. இறக்கை தாழ்த்தும் முறை கைவந்தவருக்கு இது விரைவில் வரும். முதலில் இதைப் பிடித்தவருக்கு அது வருவதில்லை.

இறக்கை தாழ்த்தி வரும் விமானம் காற்றுப் பக்கத்துச் சக்கரம் ஒன்றிலேயே தரை தொட வேண்டும். வாடையில் 10-இல் இறங்கினால் இடது பின்சக்கரம் முதலில், பிறகு வலது பின்சக்கரம், கடைசியாக மூக்குச் சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் தொடுவது தவறுபோலத் தோன்றி, கடைசி நொடியில் இறக்கையைச் சமமாக்குபவர்கள் உண்டு; சமமாக்கிய கணமே விமானம் பக்கவாட்டில் நழுவும்.

சக்கரம் தொட்டதும் வேலை முடிந்தது என்று கையைத் தளர்த்துவது சிமுலேட்டரில் மிகப் பரவலான கெட்ட பழக்கம். தரையில் ஓடும் விமானத்தின் வாலைக் காற்று தள்ளும். மூக்கு காற்றாடியைப் போலக் காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். ரட்டரால் நேராகப் பிடித்தபடி, வேகம் குறையக் குறைய ஜாய்ஸ்டிக்கைக் காற்றுப் பக்கம் மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். வேகம் குறைந்தால், இறக்கையைச் சாய்க்கும் எய்லெரானின் பிடியும் குறையும். அதனால்தான் அதிகச் சாய்வு தேவைப்படுகிறது. விமானம் நிற்கும்போது ஜாய்ஸ்டிக் முழுக்கக் காற்றுப் பக்கம் இருக்க வேண்டும். டாக்ஸி பாதையில் திரும்பிய பிறகும் காற்று எந்தப் பக்கம் என்ற நினைவு அகலக் கூடாது.

கரிசலின் நடுப்பகல் வேறொரு தொல்லையையும் சேர்க்கும். கறுத்த மண் வெயிலை அப்படியே வாங்கிச் சுடும். மேலெழும் வெப்பக்காற்று காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 4 மணி வரை விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். காற்று சீராக வீசாமல் வீச்சு வீச்சாக வரும். அறிக்கையில் 15 நாட், வீச்சில் 25 என்று இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை, அதாவது 5 நாட்டை, அணுகல் வேகத்தோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. குறுக்குக்காற்றை மட்டும் வீச்சின் உச்சத்தை வைத்தே கணக்கிட வேண்டும். வீச்சான காற்றில் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃப்ளாப்பை முழுசாக இறக்காமல் ஒரு படி குறைத்து வைப்பது சிறிய விமானத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும்.

எவ்வளவு பழகினாலும் சில அணுகல்கள் கெட்டுப்போகும். 50 அடியில் மூக்கு நேராக இல்லாமலோ, நடுக்கோடு விமானத்துக்கு அடியில் இல்லாமலோ இருந்தால் த்ராட்டிலை முழுசாகத் தள்ளி மேலேறிவிட வேண்டும். 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில், எம்மா என்ற புயல்காற்றினூடே இறங்க முயன்ற லுஃப்தான்சாவின் ஏர்பஸ் 320 ஒன்றின் இடது இறக்கை நுனி ஓடுதளத்தில் உரசியது. விமானிகள் மேலேறிச் சுற்றிவந்து, காற்றுக்கு ஏற்ற வேறொரு ஓடுதளத்தில் பத்திரமாக இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. வாகைக்குளத்தில் மாற்று ஓடுதளம் கிடையாது. மாற்று விமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஓடுதளத்தின் திசையைப் பார்க்க வேண்டும். மதுரையின் 09/27 ஏறக்குறைய இதே திசை. வாடை அங்கும் குறுக்காகத்தான் வரும். திருவனந்தபுரத்தின் 14/32-இல் அதே வாடை நேர்ப் பக்கவாட்டில் மோதும். கோயம்புத்தூரின் 05/23 மட்டும் வடகிழக்கைப் பார்த்துப் படுத்திருப்பதால் அங்கே அது எதிர்காற்றாகிவிடும்.

பயிற்சியைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். கைமுறை வானிலையில் வீச்சு இல்லாத 5 நாட் காற்றை ஓடுதளத்துக்கு நேர்ப் பக்கவாட்டில் வைத்து, 3 கடல்மைல் தொலைவிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்து ஐந்து தடவை நடுக்கோட்டில் இறக்க வந்தால் 8 நாட். பிறகு 10, 12, 15. ஒவ்வொரு படியிலும் காற்றை இடமும் வலமும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பழகிய கை மறுபக்கக் காற்றில் தப்பாகச் சாயும். ஃப்ளைட்கியரில் வானிலை அறிக்கையின் வரியை அப்படியே தட்டச்சு செய்து அந்தக் காற்றை உருவாக்கலாம். ஒவ்வொரு இறக்கத்தையும் வெளிப்புறக் கேமராவில் மறுகாட்சியாகப் பார்த்து, எந்தச் சக்கரம் முதலில் தொட்டது என்று கவனிக்க வேண்டும். நாற்காலி அசையாத சிமுலேட்டரில் பக்கவாட்டு இழுப்பு உடம்புக்குத் தெரியாது. அதைக் கண்ணால்தான் கற்க முடியும்.

15 நாட் கைவந்த பிறகு நேரடி வானிலைக்கு மாறலாம். எப்போதும்வென்றான் பக்கத்தில் இருப்பவர்கள் வெளியே வந்து, பனையோலை எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்துவிட்டு வாகைக்குளத்தைத் திறக்கட்டும். அநேகமாக அதே காற்று ஓடுதளத்தின் மேலும் வீசிக்கொண்டிருக்கும்.